தொப்பிக்கு முன் மண்வெட்டி

ம்யாம்பா மலை, சாமே மாவட்டம்
ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து

என் செல்ல மகள் நவோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ அங்கே சாப்பிட்டாயா தூங்கினாயா என்று தெரியாததால் மனசும் நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. கதவுக்கடியில் இந்தக் காகிதங்கள் சரசரவென்று வந்து விழுந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். என் கையெழுத்துதான், பயப்படாதே. நான் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பி, அங்கே ஒருவர் அச்செடுத்து உள்ளே தள்ளியிருக்கிறார். யார் என்று எழுந்துபோய்க் கதவைத் திறக்காதே. கட்டிலில் உட்கார், முழுக்க வாசி, அப்புறம் திற. போனை அணைத்து வைத்துவிட்டால் அம்மாவின் வாய் அடைந்துவிடும் என்று நினைத்தாயோ? வாய் அடைத்தால் எனக்குக் கை இருக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. மழை இந்த முறை காலத்தில் பெய்தது, இஞ்சி கை கையாக விளைந்திருக்கிறது, விலைதான் வழக்கம்போல வியாபாரிகளின் வாய்க்குள் இருக்கிறது. தோண்டியதை வைக்க இடமில்லாமல் உன் அறையில் மூட்டை மூட்டையாக அடுக்கிவிட்டார் அப்பா, உன் கட்டில் மேலேயும்தான். உடனே வந்து படுத்துக்கொள்கிறேன் என்றால் இஞ்சி மேல்தான் படுக்க வேண்டும், சொல்லிவிட்டேன். சிவப்புப் பசு கிடேரி போட்டிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் மலைச்சரிவில் நீ வரைந்து கொடுத்த வாய்க்காலில் மீதியையும் தானே வெட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், நான் மண்வெட்டியை ஒளித்து வைத்திருக்கிறேன். உன் அப்பா வானொலியில் என்ன கேட்பார் என்று உனக்குத் தெரியும், கால்பந்து, மழை, இஞ்சி விலை, அவ்வளவுதான். நீ ஹங்கேரிக்குப் படிக்கப் போன பிறகு ஆளே மாறிவிட்டார். போன மாசம் நான் பால் கறந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "நகிஜ்வா, கேட்டியா, மங்கோலியாவுல பனி கொட்டுதாம், புல்லெல்லாம் மூடிப்போயி ஆடு மாடு கூட்டம் கூட்டமா சாவுதாம், நம்ம சார்னை வீட்டு ஆடெல்லாம் என்ன ஆச்சோ" என்றார். நம்ம சார்னை! அந்தப் பெண்ணை அவர் பார்த்ததுகூட இல்லை. உன்னோடு ஒரே அறையில் இருந்தாள் என்பதற்காக ஒரு நாட்டையே கொண்டுவந்து நம் கொட்டிலில் கட்டிவிட்டார் உன் அப்பா.

நீயும் அப்படித்தான் மாறினாய். போன புதிதில் போன் செய்தால் "இவங்க இப்படிம்மா, அவங்க அப்படிம்மா" என்று குறைப்பட்டுக்கொண்டே இருப்பாய், சூப்பில் உப்பில்லை, பேச்சில் சிரிப்பில்லை என்று. அப்புறம் ஒரு நாள் "எங்க மாடியில" என்று ஆரம்பித்தாய். எங்க மாடியில ஒரு சிரியாப் பையன் அழகா ரொட்டி சுடுவான், எங்க மாடியில ஈக்வடார் பொண்ணுக்குக் காய்ச்சல், எல்லாரும் முறை போட்டுப் பார்த்துக்கறோம் என்றாய். அன்றைக்கு இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு நான் அப்பாவிடம் சொன்னேன், நம்ம பொண்ணு நீர்ப்பாசனம் படிக்கப் போனா, கூடவே வேற எதையோ படிக்கறா, அதுக்குப் பரீட்சை வைக்க மாட்டாங்க போலிருக்கு என்று. பரீட்சை வந்தது. நீ தோற்றுப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நடந்ததை நீ சொன்னபடியே திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள். சார்னையின் அப்பா மங்கோலியாவில் இறந்துபோனார். பரீட்சை நேரம், டிக்கெட்டும் கிடைக்கவில்லை, அவளால் போக முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மற்றவர்கள் வாசல்வரை வந்து ரகசியம் பேசுவதுபோல் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நழுவினார்கள். உனக்குப் பொறுக்கவில்லை. நாமெல்லாம் சாவு வீட்டை இப்படி மூச்சுப் பேச்சில்லாமல் விட்டுவிடுவோமா என்ன? ஆணியில், ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா அவளுக்குக் கொடுத்தனுப்பிய அவருடைய ஆட்டு ரோமத் தொப்பி தொங்கியது. அதை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். புகைப்படத்தில் அவர் உட்கார்ந்திருப்பதுபோல முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்து, கட்டைக் குரலில், "என்னடி, செத்தது நானா நீயா? செத்த நானே பசியோட உக்காந்திருக்கேன், உசுரோட இருக்கறவ படுத்துக் கெடக்கற, எழுந்து அடுப்பப் பத்த வை" என்றாய். அவள் எழுந்தாள். தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் எதிர் அறைக்கு மாறிவிட்டாள், அதற்கப்புறம் உன்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நீ என்னிடம் அழுதாய். "நம்மள அவங்க மனுஷியாவே நெனைக்கலம்மா, நாங்க சிரிச்சா காட்டுமிராண்டி, அவங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நாகரிகம். இனிமே நம்ம ஊர்ப் பசங்களத் தவிர யார்கிட்டயும் ஒட்டமாட்டேன்" என்றாய். போன வாரம் சிபுவேல் பெரியப்பா போய்ச் சேர்ந்ததை அப்பா சொன்னதும் "படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் வந்துடறேன், இங்க எனக்கு யாருமில்ல" என்று சொல்லிப் போனை அணைத்தவள்தான்.

பெரியப்பாவின் அடக்கத்தைப் பற்றி நீ கேட்க நினைத்திருப்பாய். குறைவில்லாமல் நடந்தது. அவர் வைத்த காப்பிச் செடிகளுக்கும் நம் வேலிக்கும் நடுவில்தான் குழி. விடிந்தும் விடியாமலும் சாமே பஸ் நிலையத்திலிருந்து மசாவே வந்துவிட்டார், டீக்கடையைப் பூட்டிவிட்டு, தன் சொந்த மண்வெட்டியோடு. சக்காக்காரர் அல்லவா, பாரேக்காரர் நமக்கு உதானி முறை, கேலி பேசவும் குழி வெட்டவும் என்றே ஏற்பட்ட உறவு, அவருக்கில்லாத உரிமையா. யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. "பாரேக்காரன் மண்ணு இது, தோண்டத் தோண்டக் கல்லு, செத்தவன் மனசு மாதிரியே இருக்கு" என்று முனகிக்கொண்டே வெட்டினார். குழி முடிந்ததும் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது பெரியப்பாவின் கறுப்புக் கோட்டு, அந்த ஒரு பக்கம் நூல் கட்டிய கண்ணாடி, கக்கத்தில் கேஸ் கட்டு. எல்லை வழக்குக்காக இருந்த மாட்டையெல்லாம் விற்ற மனிதர் எப்படி மூக்கை விடைத்துக்கொண்டு நடப்பாரோ அதே நடை. சவப்பெட்டியைச் சுற்றி வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். காலால் அளந்தார். பிறகு உன் அப்பாவைப் பார்த்து, பெரியப்பாவின் குரலிலேயே, "டேய் தம்பி, இந்தக் குழி கெழக்கால ரெண்டடி ஒன் நெலத்துக்குள்ள போயிருக்கு. இதுல நான் எறங்க மாட்டேன். மொதல்ல சர்வேயரக் கூப்பிடு. நாளைக்கு நீ என்மேல கேஸ் போட்டா பதில் சொல்றதுக்கு நான் இங்கிருந்து எழுந்து வரணுமா?" என்றாரே பார்க்கணும். பாதிரியார் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியம்மா மேல்துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். உன் அப்பா இரண்டு நாளாகக் கல்லாட்டம் நின்றவர், சிரித்தார், சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாக மாறியது, அண்ணே அண்ணே என்று கத்தி அழுதார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அழுது ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மசாவேயிடம், "சக்காக்காரனுக்குக் காசுதான உசுரு, நீ செத்தா காதுகிட்ட காசக் குலுக்கிப் பாத்துட்டுத்தான் பொதைப்போம், எழுந்து எண்ண ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்ப" என்றார். அப்புறம்தான் பெட்டி குழிக்குள் இறங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். நீ செய்ததும் இதைத்தானே, பிறகு ஏன் அங்கே அப்படி ஆனது என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பந்தி முடிந்து மசாவேக்குச் சாப்பாடு வைத்தேன். சூடான கிண்ணத்தைத் தொட்டவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், இரண்டு உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அந்தக் கையைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கைக்குப் பிறகு அவர் எந்தக் கோட்டை மாட்டினாலும் யாருக்கும் கோபம் வராது. நீ அந்தப் பெண்ணுக்கு மண்வெட்டி பிடிக்காமல் நேராகத் தொப்பியை எடுத்துவிட்டாய் மகளே. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நீ பிறந்ததிலிருந்து வேலையையும் கேலியையும் சேர்த்தே பார்த்தவள், கேலிதான் கண்ணுக்குத் தெரியும், வேலை எப்போதும் இருக்கிற காற்று மாதிரி. இன்னொன்றும் உண்டு. மசாவே ஒன்று சொன்னால் உன் அப்பா ஒன்று திருப்பிச் சொல்வார், அதற்கு இரண்டு பேருக்கும் தாத்தா காலத்திலேயே அனுமதி வாங்கியாயிற்று. சார்னையின் வாயில் திருப்பிச் சொல்ல என்ன இருந்தது? அவளுக்கு நீ யார் என்றே யாரும் சொல்லவில்லையே.

இதுவரை நானாக யோசித்தது. இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. அடக்கம் முடிந்த மறுநாள் மதியம் நானும் மசாவேயும் வெண்ணெய்ப்பழ மரத்தடியில் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தோம், என் போன் அடித்தது. போன வருஷம் உன் போன் தண்ணீரில் விழுந்தபோது வேறு எண்ணிலிருந்து பேசினாயே, அந்த எண். நீதான் என்று நினைத்து எடுத்த எடுப்பில் நாலு திட்டு திட்டினேன்.  அப்புறம் மெதுவாக ஒரு ஆங்கிலக் குரல், தான் சார்னை என்றது. என் ஆங்கிலம்தான் உனக்குத் தெரியுமே, நலமா நலம் என்பதோடு தீர்ந்துவிடும். மசாவே கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார், டீக்கடை போடுவதற்கு முன் கிளிமஞ்சாரோவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றி ஏற்றிப் பழகிய ஆங்கிலம். பேசப் பேச அவர் முகத்திலிருந்த குறும்பு போய்விட்டது. இத்தனை வருஷத்தில் மசாவேயை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நவோவோட பெரியப்பா தவறிட்டார்னு சமையலறையில சொன்னாங்க. அவ வெளியில வரவே மாட்டேங்கறா. அலமாரியில அவ வெங்காயமெல்லாம் மொளைச்சுக் கெடக்கு, சாப்பிடற மாதிரியே தெரியல. உங்க ஊர்ல இதுக்கு என்ன செய்வீங்க?" மசாவே வாக்கியம் வாக்கியமாக என்னிடம் சொன்னார். உன்னை மனுஷியாகவே நினைக்கவில்லை என்றாயே, அந்தப் பெண் நீ சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்கிறாள்.

அப்புறம் தொப்பி. நானே கேட்கச் சொன்னேன், எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர்கள் நாட்டில் ஒருத்தர் தொப்பியை இன்னொருத்தர் தலையில் வைக்க மாட்டார்களாம், தொப்பி என்றால் தலை போலவே. செத்தவர் தொப்பி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. அந்தத் தொப்பிக்குள் அவள் அப்பாவின் தலை வாசனை இருந்ததாம் நவோ. அவர் போன பிறகு அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். எல்லாரும் தூங்கிய பிறகு எடுத்து முகத்தை உள்ளே புதைத்துக்கொள்வாளாம். நீ போட்டுக்கொண்ட பிறகு அதில் உன் தேங்காயெண்ணெய் வாசனைதான் வருகிறதாம். எனக்கு இதை எழுதுகையில் கண் மறைக்கிறது. நீ கெட்டது நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் போனது போனதுதான், அந்த வாசனையை நீயோ நானோ திரும்பக் கொடுக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் நீ இனி அவள் முன்னால் நிற்க வேண்டும்.

மசாவே அவளுக்கு நம் கதையைச் சொன்னார். அவர் தாத்தாக்களும் நம் தாத்தாக்களும் மாட்டுக்காக ஒருத்தர் தலையை ஒருத்தர் உடைத்துக்கொண்டவர்கள் என்றும், ஒரு கட்டத்தில் சலித்துப்போய் உட்கார்ந்து, இனி உன் சாவுக்கு நான் குழி வெட்டுவேன், என் சாவுக்கு நீ வெட்டு, அதற்குக் கூலி வேண்டாம், என்ன கேலி செய்தாலும் கோபிக்கக்கூடாது, அதுதான் கூலி என்று பேசி முடித்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார். "ஒங்கிட்ட அவ கேலி பண்ணல தாயி, ஒன்ன ஒறவாக்கிக்கப் பாத்தா. கூறுகெட்டதனமா பாத்தா, அதான் தப்பு" என்றார்.  அப்புறம் அவள் சொன்னாளாம், "எனக்கு இத யாருமே சொல்லலயே" என்று. நான் மசாவேயின் தோளைத் தட்டி, மன்னிச்சிட்டியா என்று கேட்கச் சொன்னேன். பொய் சொல்லவில்லை அந்தப் பெண். "இன்னும் இல்ல. ஆனா அவ பசியோட இருக்கக்கூடாது" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. உடனே மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உலகம் முழுக்க ஒரே வீடு என்று மேடையில் பேசுவார்கள், நீ கிளம்பும்போதுகூட நம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் பேசினார். நான் அப்போது நம்பவில்லை. வீடு என்றால் அண்டாவை யார் கழுவுவது என்ற சண்டை இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வது இருக்கும், திருப்பிக்கொண்ட பிறகும் அவள் சாப்பிட்டாளா என்ற நினைப்பு இருக்கும். இப்போது கொஞ்சம் நம்புகிறேன்.

புத்தி சொல்லாமல் முடித்தால் நான் உன் அம்மா இல்லை. வளவளவென்று மன்னிப்புக் கேட்டு அவளை மறுபடி அழவைக்காதே. ஒரு தடவை கேள், அப்புறம் அவள் பாத்திரத்தைக் கழுவு, அவளுக்குச் சோறாக்கு, அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது தேநீர் போட்டுக் கொடு, உன் கையிலும் ஒரு கொப்புளம் வரட்டும். இனி அவள் உன்னை என்ன கேலி செய்தாலும் கோபப்பட உனக்கு உரிமையில்லை. தொப்பி இருக்கும் பக்கமே போகாதே. தலைக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தாதே, குளிரில் மயிர் உடையும். திரும்பி வருவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள், வந்தால் நான் இஞ்சி மூட்டையை நகர்த்தி இடம் செய்கிறேன், அது ஒரு பெரிய வேலையில்லை. ஆனால் எனக்கு யாருமில்லை என்ற வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வராதே, அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடவுள் உன் கூடவே இருக்கட்டும், உன் படிப்பும் உன் கை பட்ட தண்ணீரும் போகிற இடமெல்லாம் பச்சையாகட்டும். அப்பா தன் ஆசியையும், வாய்க்கால் மூன்றாவது வளைவில் மண் சரிகிறது அதற்கு என்ன செய்வது என்ற கேள்வியையும் சேர்த்து எழுதச் சொன்னார். போனை ஆன் செய்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நகிஜ்வா

இன்னும் ஒன்று. இந்தக் கடிதத்தைத் தள்ளியது யார் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு இதில் ஓர் எழுத்தும் புரியாது, அதனால்தான் இவ்வளவு தாராளமாக எழுதினேன். முதலில் வேலை, அப்புறம்தான் பேச்சு என்று மசாவே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆகவே சோளமும் பீன்ஸும் வாங்கி மக்கண்டே வேகவைத்திருக்கிறாள், ஆட்டுக்கறி போடலாமா என்று இரண்டு தரம் கேட்டாள், போடட்டும் பாவம் என்றார் அப்பா. பெரியப்பா பேசுகிற மாதிரி ஒரு வரியும் மசாவேயிடம் மனப்பாடம் செய்திருக்கிறாள், சர்வேயர், குழி, இரண்டடி. அது அவள் வாயில் சரியாக வராது. நீ சிரி. அழுகை வந்தால் அதையும் அழு. நான் நீளமாக எழுதிவிட்டேன், அவள் கதவுக்கு வெளியே தட்டோடு இவ்வளவு நேரமாக நிற்கிறாள், ஆறியிருக்கும். எழுந்து திற.